உட்காரச் சொல்லும் வீடு

கேட் மணி விடாமல் அடித்தது. சம்பந்தி வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, மெத்தை உறையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினேன். பார்த்தால் நீங்கள். உங்களோடு ஒரு பெண் போலீஸ். சப்பாத்தோடு உள்ளே வந்துவிடுவீர்களோ என்பதுதான் எனக்கு வந்த முதல் கவலை. நீங்கள் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தீர்கள், இன்ஸ்பெக்டர். அதை நான் மறக்கவில்லை.

ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு நல்லா இருக்கு ஆன்டி. பார்த்ததும் உட்காரணும்போல இருக்கு" என்றீர்கள். வழக்கறிஞர் வரும்வரை காத்திருக்கலாம் என்று இங்கே ஸ்டேஷனில் சொன்னார்கள். வேண்டாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே உங்களிடம் பேசிவிடுகிறேன்.

பழைய சாமான்களை வாங்கிக் குவித்தால் வீடு அழகாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வீடாக இருக்காது, கடையாக இருக்கும். ஒரு பழைய பொருளுக்குப் பக்கத்தில் புதியது ஒன்று வேண்டும். கால் நீட்ட இடம் வேண்டும். பூப்போட்ட பாத்தேக் துணி, கட்டம் போட்ட கைலித் துணி, புள்ளிச் சுங்குடி எல்லாவற்றையும் ஒரே ஹாலில் போடலாம், சண்டை போடாது. ஒரு நிறம் மட்டும் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். என் வீட்டில் அது அரக்கு. நீங்கள் உட்கார்ந்த ஊஞ்சலின் மெத்தையிலும் ஓரமாக ஒரு அரக்குக் கோடு இருந்தது, கவனித்தீர்களோ என்னவோ.

எல்லாவற்றையும்விட, பொருளுக்கு ஒரு கதை வேண்டும். வந்தவர்கள் "இது யாருது?" என்று கேட்க வேண்டும். நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

என்னிடம் பதில் இல்லை. காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். தோட்டத்தை மூடி எங்களை அனுப்பியபோது எங்கள் சாமான் லோரியில் பாதியைக்கூட நிரப்பவில்லை. பெரும்பாலும் பிளாஸ்டிக். பிறகு கிள்ளானில் வீடு வாங்கினோம், கணவர் போய்ச் சேர்ந்தார், மகள் ஷாமினியைப் படிக்க வைத்து ஆளாக்கினேன். அதுவரைக்கும் என் வீட்டில் என்னைவிட வயதான பொருள் ஒன்றுகூட இல்லை.

ஷாமினிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் நல்ல இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் தாயார் லோகேஸ்வரி அம்மா முதல் சந்திப்பிலேயே கேட்டார்.

"எங்க வீட்டுல மூணு தலைமுறையா ஒரே குத்துவிளக்கு முன்னாலதான் தட்டு மாத்துவோம். ஆனா நிச்சயம் பொண்ணு வீட்டுல. உங்க பக்கம் பழைய விளக்கு இருக்குங்களா, இல்ல நாங்க கொண்டு வரவா?"

"எதுக்குங்க? எங்க பாட்டியோட ஐந்து முக விளக்கு இருக்கு" என்றேன்.

ஷாமினி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "எந்தப் பாட்டிம்மா? நமக்கு விளக்கு வெச்ச பாட்டி யாரு?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. இனி விளக்கு இல்லை என்று சொல்ல முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

அந்த நாட்களில் நான் பிரிக்பீல்ட்ஸில் இராமலிங்கம் அங்கிளுக்குச் சமைத்துப்போடப் போய்க்கொண்டிருந்தேன். கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடலாம். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளை குட்டி கிடையாது. மனைவி இறந்து பல வருடமாகியும் அந்த அம்மா கொண்டுவந்த சீரெல்லாம் அப்படியே இருந்தது. தேக்கு ஊஞ்சல், பித்தளை வெற்றிலைப் பெட்டி, ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சேலை. எல்லாவற்றுக்கும் நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு ஐந்து முக விளக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் அங்கிள் தன் கையாலேயே ஐந்து திரியும் போட்டு ஏற்றுவார். மனைவி நினைவுக்கு. என்னை அதில் கை வைக்க விடமாட்டார்.

நான் சமையலை முடித்துவிட்டு அவர் வீட்டை ஒழுங்குபடுத்துவேன். யாரும் கேட்கவில்லை. என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அங்கிள் கிண்டல் செய்வார்.

"என்னம்மா டெக்கரேஷன், இன்னிக்கு என்னை எந்த மூலையில வெக்கப் போற?"

"உங்களுக்கு ஜன்னல் பக்கம்தான் பொருத்தம் அங்கிள்."

"நான் கண்ண மூடுனா இதெல்லாம் உனக்குத்தான் லா. நல்லம்மா சாட்சி."

நல்லம்மாள் அக்கா பக்கத்து வீடு. சாயந்திரம் தேநீர் கொண்டுவந்து கொடுப்பார். "பத்து வருசமா கண்ண மூடுறேன் மூடுறேன்னு சொல்றாரு. தொறந்தேதான் இருக்கு" என்பார். மூவரும் சிரிப்போம். நல்ல நாட்கள் அவை.

விளக்கை ஒரே ஒரு நாளைக்குக் கேட்டுப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"விளக்கு வாசல் தாண்டாதும்மா. நான் இருக்கிற வரைக்கும் அது இங்கதான். நீ ஒண்ணு செய்யி, பொண்ணு நிச்சயத்த இங்கேயே வெச்சுக்க. நாற்காலி நான் வாடகைக்கு எடுக்கிறேன். சாப்பாடும் என் செலவு. எனக்கும் வீட்டுல நாலு பேர் வந்த மாதிரி இருக்கும்."

நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அங்கே வைத்தால் விளக்கு யாருடையது என்று லோகேஸ்வரி அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

அவர் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நான் திருடி இல்லை. உயிரோடு இருப்பவரின் பொருளை அவர் சம்மதமில்லாமல் எடுக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. கண்ணை மூடிய பிறகு என்று அவர் சொன்னார். நான் அந்த வார்த்தையை மீறவில்லை.

ஜன்னல் ஓரத்துக் கண்ணாடி அலமாரியை நீங்கள் தடவிப் பார்த்தீர்கள். அது போர்ட் கிள்ளான் பெர்னடெட் ஆன்டியுடையது. அவரும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார். அதைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

அங்கிளுக்கு ஆஸ்துமா. நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் ஊஞ்சல் பக்கத்து மேசையில் கிடக்கும். தேக்கு மேசை மேல் அந்த நீலப் பிளாஸ்டிக் கண்ணை உறுத்தும். ஒருநாள் அதை எடுத்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அழகுக்காகத்தான், சத்தியமாக. மதியம் அவருக்கு மூச்சு வாங்கி, தடவித் தடவித் தேடினார். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து எடுத்துக் கொடுத்தேன். உறிஞ்சி முடித்ததும், "உன் அழகுல நான் செத்துருவேன் போலிருக்கே லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று எனக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. டிரங்குப் பெட்டியைத் திறந்து சேலைகளையெல்லாம் ஹாலில் உதறிப் போட்டேன். மெத்தை உறைக்கு அரக்கு நிறம் தேட வேண்டியிருந்தது. பல வருடத் தூசி. அங்கிள் இருமத் தொடங்கினார். மேசையைக் காட்டினார். இன்ஹேலர் இருந்த வெற்றிலைப் பெட்டி அங்கே இல்லை. அதை முதல் காரியமாகக் காலையிலேயே அவர் ஹாலில் இருந்த அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டிருந்தேன்.

"தேடுறேன் அங்கிள், பொறுங்க" என்றேன். தேடவும் செய்தேன். இல்லாத இடங்களில். நடுவில் சேலைகளையும் மடித்து வைத்தேன். பட்டைத் தரையில் போட்டு மிதிப்பது எனக்குப் பிடிக்காது.

அவர் ஊஞ்சலிலிருந்து சரிந்தார். பாய் விரித்துப் படுக்க வைத்தேன், தலை தெற்கே பார்க்க. அவர் போன பிறகு சாமி அறையிலிருந்த சின்னக் காமாட்சி விளக்கைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்து, ஒரே திரி போட்டு ஏற்றினேன். பெரிய விளக்கைத் தொடவில்லை. பிணத்தின் தலைமாட்டில் நின்ற விளக்கை எந்த முகத்தோடு நிச்சயத்தில் வைப்பது? நல்லம்மாள் அக்கா முதலில் வந்திருந்தால் யோசிக்காமல் ஐந்து முக விளக்கைத்தான் இழுத்து வந்திருப்பார். அதனால்தான் நான் முந்திக்கொண்டேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். "இப்பதான் அக்கா, இந்த நிமிஷம்தான் போனாரு" என்று சொன்னேன். அவர் அழுதுகொண்டே அங்கிளின் பாதத்தைப் பிடித்தார். பிறகு தலைமாட்டு விளக்கு அணையக்கூடாதே என்று அதைப் பார்த்தார்.

"எண்ணெய் தீந்துபோச்சே குமுதா" என்றார்.

எண்ணெய் ஊற்றினார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் வந்தார், ஆஸ்துமா என்றார், அடக்கத்துக்குரிய பத்திரமெல்லாம் வந்தது. தகனம் முடிந்த பிறகு, அங்கிள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தபடி, சாமான்கள் லோரியில் கிள்ளானுக்கு வந்தன. அவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை, ஆகவே தீட்டும் இல்லை. நிச்சய நாளைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். இரண்டு நாள் கை எரிந்தது.

நல்லம்மாள் அக்கா தன் வீட்டில் அதே அளவு காமாட்சி விளக்கில் எண்ணெய் நிறைய ஊற்றி, ஏற்றி, அது தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எண்ணெய் தீர மணிக்கணக்காகும், நான் சொன்ன 'இந்த நிமிஷம்' பொய் என்று தெரிந்த பிறகுதான் உங்களிடம் வந்தாராம். எழுபது வயதில் இவ்வளவு பொறுமை.

நீங்கள் என்னை வாசலுக்கு அழைத்து வந்தபோது சம்பந்தி வீட்டுக் கார் தெருமுனையில் திரும்பியது. போலீஸ் காரைப் பார்த்தது. யாரும் இறங்கவில்லை. அப்படியே பின்னால் போய், திரும்பிப் போய்விட்டது. ஷாமினி தலையிலிருந்த மல்லிகையை எடுத்துச் சப்பாத்து அடுக்கின் மேல் வைத்தாள். அந்தப் பையனின் பேரைச் சொல்லி அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இது யாரு விளக்கும்மா?" என்று கேட்டாள். அவளிடம் இராமலிங்கம் அங்கிள் தந்தது என்று சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தானே இத்தனையும் சேர்த்தேன்.

இப்போது அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவள் பூச்சோங்கில் சிநேகிதி வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். திரும்பப் போகமாட்டாள். அங்கே உட்கார நாலு பேருக்கு இடம் போட்டேன். தூசிதான் உட்காரும்.

சரி. நான் எதையும் மறைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னேன். அவர் போன பிறகு விளக்கு ஏற்றினேன் என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அசைவில்லை, கண் மூடியிருந்தது, அவர் சொன்ன நிபந்தனை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். திரியை ஏற்றியதும் வெளிச்சம் அவர் நெற்றியில் விழுந்தது. கண்ணைத் திறந்தார். அலமாரி உச்சி என் கைக்கு எட்டும் உயரம்தான். பெட்டியை எடுத்திருக்கலாம். நான் திரியைச் சற்றுத் தூண்டிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணெய் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுடரைப் பார்த்தார், முகம் மலர்ந்தது, மூச்சைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டார்:

"இன்னிக்கு… வெள்ளிக்கிழமையாம்மா?"