ஏரிக்கரையில் எடுத்த பதினான்கு படங்கள்

கேமராவிலிருந்து படங்களைக் கணினிக்கு மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. என் மகள் ஜோலீன் கிறிஸ்துமஸுக்கு அந்தக் கேமராவை வாங்கிக்கொடுத்தபோதே, செய்ய வேண்டியதை ஒரு அட்டையில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள். வயரைச் செருகு. படங்களைக் கணினியில் ஏற்று. ஒவ்வொன்றையும் திறந்து, சரியாக வந்திருக்கிறதா பார். அதற்குப் பிறகுதான் கேமராவில் அழி. நான் இந்த வரிசையை ஒருநாளும் மாற்றியதில்லை.

என் கணவர் வெர்னுக்கு என்மேல் அந்த நம்பிக்கை கிடையாது. நாற்பத்தொரு வருடத்தில் அவர் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஷெரீஃப். கேலி மட்டும்தான். நான் எடுத்த முதல் படத்தில் அவர் தலை விழவில்லை. அதை அச்செடுத்து, தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காபிக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

“இது நான்தானாம், ஆர்டிஸ் சத்தியம் பண்றா. தலை எங்கேன்னு கேட்டா, கேமராவுக்குள்ளயே தங்கிடுச்சுங்கிறா.”

எல்லோரும் சிரித்தார்கள். காபி ஊற்றிக்கொண்டே நானும் சிரித்தேன்.

குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் நிறுத்திவைக்கும் மீன்பிடிக் குடில்களை, பனி இளகுமுன் மார்ச் முதல் வாரத்துக்குள் வண்டியில் கட்டிக் கரைக்கு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே வந்து அபராதச் சீட்டு நீட்டுவீர்கள். கடைசி நாள்வரை இழுக்காமல் இருப்பதுதான் வீரம் என்பது இங்கே ஆண்களின் நினைப்பு. வெர்னும் அப்படித்தான். அன்று காலை தூண்டில் இரை விற்கும் லவோன் என்னிடம் சொன்னாள்: “ஓடை வந்து சேர்ற பக்கம் பனி உளுத்துப்போச்சு ஆர்டிஸ். வெர்ன்கிட்ட சொல்லிடு, வடக்கால சுத்தி வரட்டும்.”

சரி என்றேன். மத்தியானம் வெர்ன் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு, “நான் குடிலை இழுத்துட்டு வர்றதை ஒரு படம் எடு. இந்தத் தடவையாவது தலையோட எடு” என்றார். லவோன் சொன்னதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று சனிக்கிழமை உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

முதல் நான்கு படங்களில் வண்டி வருகிறது. ஐந்தாவதில் பனி உடைந்து முன்சக்கரங்கள் இறங்கிவிட்டன. ஏழாவதில் அவர் ஜன்னல் வழியாக வெளியே வந்து பனியின் விளிம்பைப் பிடித்திருக்கிறார். நான் முப்பதடி தள்ளிக் கரையில் நின்றேன். படகுத்துறைக் கம்பத்தில் கயிறு தொங்கியது, என் தோளுக்குப் பக்கத்திலேயே. பதினான்காவதில் தண்ணீர் மட்டும் இருக்கிறது.

வீட்டுக்குள் போய் வயரைச் செருகினேன். பழைய கணினி, ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாக மெதுவாகத்தான் விரியும். ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக வந்திருந்தன. கேமராவில் அழித்தேன். அப்புறம்தான் உங்களுக்குப் போன் செய்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். கணினியில் இருப்பதையும் அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அட்டையில் ஜோலீன் அதை எழுதவில்லை.

அடக்கத்துக்கு வருகிறவர்கள் பார்க்க, படங்கள் ஒட்டிய பலகை வைப்பது எங்கள் வழக்கம். அதற்காக அப்பாவின் நல்ல படம் ஒன்றைத் தேடித்தான் அவள் கணினியைத் திறந்தாள். நான் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, இதையெல்லாம் யாரு எடுத்தது?”

சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் உங்கள் எண்ணை அழுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிறை எனக்குப் பெரிதில்லை. அவள் பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அப்பா சாகும்போது அம்மா வாயைக்கூடத் திறக்காமல் நின்றாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம்.

அது உண்மையில்லை என்று நீங்கள் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படத்துக்கு முன்னால் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பதில் சொன்னேன். “கொஞ்சம் அசையாம இரு, வெர்ன். ஆடினா படம் கலங்கிடும்” என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.