ஜோதியம்மாள் அடைத்த ஓட்டைகள்

ஓட்டையா? எங்க இருக்குது ஓட்டை, காட்டுங்க பாப்போம்! ஒரு எறும்பு நொழையறதுக்கு எடம் இருந்தா என் பேர மாத்திக்கறேன் தம்பி. மெட்ராஸ்ல ஃபேனுக்கு கீழ உக்காந்துக்கினு மெஷின் வித்த உங்க கம்பெனிக்காரங்க ஈஸியா சொல்லிட்டாங்க, "உங்க ரூமுல வெளிச்சம் கசியுது, ஒழுங்கா அடைங்க"ன்னு. நான் அடைக்காததா? அந்த ஜன்னலப் பாருங்க. கறுப்புக் காயிதம், அதும்மேல அட்டை, அதும்மேல தாரு. கதவுக்கு கீழ சந்து இருந்துச்சு, பழைய பொடவையத் திரிச்சு அடைச்சேன். சாவித் தொவாரத்துக்கு மெழுகு!

திரைத்துணிக்கு நான் பட்டபாடு... அப்பாதுரை டெய்லர் கறுப்புத் துணின்னு ஒண்ணத் தெச்சுக் குடுத்தாரு. வெயில்ல புடிச்சா சல்லடை! போயி மூஞ்சில அடிக்காத கொறையா போட்டுட்டு, குடைத்துணி ரெண்டு மடிப்பா வெச்சுத் தெச்சுக் குடுய்யான்னேன். "ஏம்மா, உங்க வூட்ல ஆந்தை வளக்கறீங்களா"ன்னு கேக்கறாரு! செங்கம் ரோட்டுல நடந்தா எல்லாரும் இதே கேலிதான். இந்த வூட்டுக்குள்ள என்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியுது? டாக்டர் சோமசேகரன்னு போர்டு போட்டிருக்குதா, ஜொரம் வந்தவன், பேதியானவன் எல்லாம் வந்து நிக்கறான். இவரு ஊசி போடற டாக்டரு இல்லப்பா, ரசாயனத்துல படிச்சவருன்னு சொன்னா, "அப்ப ரசாயனமாவது கொஞ்சம் குடுங்க"ங்கறான்!

எங்க வுட்டேன்... ஆங், ஓட்டை. இந்த மெஷினு முள்ளாலதான் இத்தினி அடைப்பும். தெரிஞ்சவரு தான் நீங்க, இருந்தாலும் சொல்றேன். அய்யா ரெண்டு மருந்தக் கலப்பாரு. கலந்ததும் நீலமா ஒரு மினுக்கு மினுக்கும். மின்மினியில பாதி கூட இருக்காது. நம்ம கண்ணுக்கு எட்டாது. இந்தக் கறுப்புப் பொட்டிக்குள்ள இருக்கற கண்ணாடிக் குழாய் தான் அதப் பாக்குது, எவ்ளோ வெளிச்சம்னு முள்ளுல காட்டுது. ஒண்ணுமே வெக்காதப்போ முள்ளு சைபர்ல படுத்துக் கெடக்கணும். அது தானுங்களே மொறை? இது என்னாடான்னா, காலிப் பொட்டிக்கு நாப்பதுல போயி நிக்குது! அப்பாலே மருந்தோட வெளிச்சம் எது, திருட்டு வெளிச்சம் எதுன்னு அய்யா எப்படிங்க பிரிப்பாரு? தலையில கைய வெச்சுக்கினு உக்காந்துட்டாரு மனுசன்.

கார்த்திகை தீபம் ஏத்தின கையோட ஆரம்பிச்ச வினைங்க இது. மலை மேல கொப்பரை எரியுதே, அந்த வெளிச்சமா இருக்கும்னு நான் சொன்னேன். அய்யா சிரிச்சாரு. சரி, பதினோரு நாளு எரிஞ்சு தீபம் அணைஞ்சுது. முள்ளு எறங்குச்சா? அது பாட்டுக்கு நிக்குது!

அப்போ தான் எனக்கு கஸ்தூரி மேல சந்தேகம் வந்துச்சு. அடி அண்ணாமலை ஊர்ப் பொண்ணு, மருந்துக் குழாய் கழுவ வெச்சிருந்தோம். வேல சுத்தமாத்தான் செய்வா, அதக் கொற சொல்ல முடியாது. ஆனா வேடிக்கை பாக்கற புத்தி. அய்யா மருந்து கலக்கும்போது, அந்த நீல மினுக்கு எப்படி இருக்கும்னு கதவ ஓரமாத் தள்ளி எட்டிப் பாப்பா. ஒரு தபா நானே பாத்தேன். ஒரு தபா தான்... இருந்தாலும் பாக்காத தபா எத்தினியோ? அய்யா கிட்ட சொன்னேன், "இவ தொறக்கற கதவுலதான் வெளிச்சம் வருது"ன்னு. போன வாரம் அவள நிறுத்திட்டாரு. அந்தப் பொண்ணு சோத்து டப்பாவ எடுத்துக்கினு, "வரேங்க்கா"ன்னு போயிட்டா. அவ சம்பளத்துல தான் அந்த வூட்ல அடுப்பு எரியுது. இன்னிக்கு நீங்க மெஷின்ல தப்பு இல்லேன்னு சொல்லிட்டீங்கன்னா, அவளத் திரும்ப எடுக்கறதில்லேன்னு இருக்காரு அய்யா. அவ போயும் முள்ளு எறங்கலியேன்னு கேக்கறீங்களா? அதான் எனக்கும் புரியல!

என் மேல கொற சொல்ல முடியாதுங்க. தெனம் காலையில குழாயக் கழட்டித் துணியில பத்திரமா சுத்தி வெச்சுட்டு, காலிப் பொட்டிய வெராண்டா வெயிலுக்குத் தூக்கிட்டுப் போயி, பின் கதவத் தொறந்து தலைய உள்ள வுட்டு ஓட்டை தேடுவேன். பின் கதவு என் பொறுப்பு. அய்யா மேல்தொவாரம் வழியா மருந்து வெக்கறதோட சரி. இவ்ளோ பாத்தும், மூடி வெச்ச ஒடனே முள்ளு ஜிவ்வுனு ஏறுது. சாயங்காலம் ஆனா கம்மியாவுது. மறுநா காலையில நான் பாத்துட்டு மூடினா மறுபடியும் ஜாஸ்தி! என் மூஞ்சியப் பாத்தாலே அதுக்கு ஆவல போலருக்கு.

லைட்ட அணைக்கணுமா? அணைங்க. பின் கதவத் தொறங்க, தாராளமா பாருங்க. ஒரு பொட்டு வெளிச்சம்...

ஐயே, பயந்துட்டீங்களா! அது புள்ளையாருங்க. நான் ஒட்டினது தான். சத்தமாப் பேசாதீங்க, அய்யாவுக்குத் தெரியாது. மெஷினுக்குப் பொட்டு வெச்சாலே தொடச்சிடுவாரு. புது மெஷினு, ஊரு கண்ணு படக்கூடாது பாருங்க, அதான் உள்ள ஒட்டினேன். நேரா அந்தக் குழாயப் பாத்த மாதிரி வெச்சேன், காவலுக்கு. சாதா புள்ளையாரு வெக்கலாம்னு தான் போனேன். அப்பாலே தோணுச்சு, எந்நேரமும் இருட்டுலயே கெடக்கணுமே சாமி, பாவம்னு. தேரடி வீதியில தீபத்துக் கடையில ரேடியம் புள்ளையாரு வித்தான். பச்சையா எவ்ளோ அழகா மினுக்குது பாருங்க. பகல்ல நல்லா வெயில்ல காட்டுங்கம்மா, உள்ள வெச்சா மணிக்கணக்கா மினுக்கும்னு கடைக்காரன் சொன்...

சொன்னான்.

ஏன் தம்பி கைய உள்ள வுடறீங்க? எடுக்கறீங்களா? எடுங்க. பாத்து, தும்பிக்கை ஒடஞ்சிடும். எங்கிட்ட குடுங்க. கதவ மூடிட்டீங்களா? முள்ளு... எறங்குது. எறங்குதுங்களே! முப்பது... பத்து... ஐயோ, நிக்கட்டுமே எங்கனா! சைபருக்கே போயிடுச்சா?

அடிப்பாவி. ஊரெல்லாம் ஓட்டைய அடைச்சுட்டு, வெளக்க உள்ள வெச்சுப் பூட்டியிருக்கறேன் நானு. அதுக்கு தெனம் வெயில் வேற ஊட்டியிருக்கறேன்! அந்தப் பொண்ணு சோத்து டப்பாவத் தூக்கிக்கினு போனாளே தம்பி...

அய்யா கிட்ட நீங்க சொல்றீங்களா? என்னான்னு சொல்வீங்க? ஒயரு லூசா இருந்துச்சுன்னு சொல்லக்கூடாதா? ...சிரிக்காதீங்க. சரி, அவரு கிட்ட நானே சொல்றேன், இப்பவே. திட்டினா திட்டட்டும். சொல்லிட்டு அப்படியே அடி அண்ணாமலைக்குப் போறேன். போன்னு சொல்ல வெச்சது இந்த வாயி, வான்னு கூப்புடறதும் இதே வாயா இருக்கட்டும்.

கூட வரேங்கறீங்களா? ஜீப்பு இருக்குதா? வேணாம் தம்பி, நான் தனியா நடந்தே போறேன். நீங்க கூட வந்தீங்கன்னா, அவ வூட்டு வாசலுக்குப் போறதுக்குள்ள பழிய உங்க மேல போட்டாலும் போட்டுடுவேன்.