கதவின் கீழ் மூலை

அந்த நிலவறைக் கதவின் கீழ் மூலையில் ஒரு காகிதத் தடிமனுக்கு இடைவெளி இருந்தது. அது ஏன் என்று ஐந்து மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள், தெரியும் ஐயா. அங்கேதான் வருகிறேன். ஆனால் கதவு புரியாமல் மற்றது புரியாது.

இரண்டு அங்குல இரும்புக் கதவு. தெருவிலிருந்து எட்டுப் படி இறங்கினால் அது இருக்கும். வெளிப்பக்கமாகத் திறக்கும். ஓடிவருகிறவர்கள் தள்ளித் திறக்கிற மாதிரி வைத்திருக்கக் கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. வெளியே குண்டு வெடித்தால் காற்று கதவை உள்நோக்கி அறையும். வெளியே திறக்கும் கதவாக இருந்தால் அந்த அடியே அதை நிலையோடு சேர்த்து இறுக்கிவிடும். அடிக்கிறவன் கையாலேயே தாழ் போட வைப்பது. யோசித்தவன் கெட்டிக்காரன். நிலையைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் ரப்பர் பட்டை. உள்ளே இரண்டு தாழ்கள், மேலே ஒன்று, நடுவில் ஒன்று. திருகினால் கதவை இழுத்து ரப்பரில் அழுத்தும்.

சரியாக மூடுகிறதா என்று சோதிப்பதும் எளிது. செய்தித்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் வராவிட்டால் காற்றும் வராது. சுற்றிலும் இருபது இடத்தில் கிழிந்ததே தவிர வரவில்லை. கீழ் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. விஷவாயு காற்றைவிடக் கனமானது. படியிறங்கித் தரையோடு தவழ்ந்து முதலில் அந்த மூலைக்குத்தான் வரும். ரப்பரை மாற்றினேன். கீலுக்கு அடியில் பித்தளைத் தகடு வைத்தேன். சாக்பீஸைத் தேய்த்து மூடி, எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று பார்த்தேன். எங்கள் தெருத் தையல்காரம்மா அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்துச் சொல்வார்:

"ஏண்ணே, உங்க பொண்ணுக்குக்கூட இத்தனை தடவை தலைவாரி விட்டிருக்க மாட்டீங்க போலிருக்கே."

குண்டுவீச்சுக்கு ஒதுங்குகிற அந்த நிலவறை என் பொறுப்பு. தெருவில் எனக்குக் கதவுக்காரர் என்றே பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை.

முப்பத்தோரு வருடம் ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். மனைவி போன பிறகு மகளைத் தனியாக வளர்த்தேன். அந்தப் பட்டறைச் சம்பளம், பட்டறைக் குடியிருப்பு, பட்டறை மருத்துவமனை, எல்லாம் படை தந்தது. ஒரு நாளும் கைவிடவில்லை. அதனால்தான் நம்புகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு படை எப்படி இயங்குகிறது என்று நான் உள்ளேயிருந்து பார்த்தவன். மேலே ஒருவன் சொல்கிறான், கீழே ஒருவன் செய்கிறான், நடுவில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அதனால்தான் வண்டி ஓடுகிறது. அமைதிக் காலத்தில் அரசாங்கத்தை ஆயிரம் கேளுங்கள். கூரை பற்றி எரியும்போது, வீட்டை யார் கட்டியது என்று பஞ்சாயத்து வைக்கக் கூடாது. இதை இன்றும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். நல்ல மனிதர், என் மகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. இருவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள். ஆற்றைத் தாண்டி எதிரி விமானம் ஒன்றுகூட வராது என்று படைத்தலைமை வானொலியில் சொன்ன அன்று, சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"மாமா, கதவுக்குக் காகிதம் வச்சுப் பாக்குறீங்களே, இவங்க சொல்றதுக்கு ஒரு தடவையாவது வச்சுப் பாத்தீங்களா?"

"ஓடுற எந்திரத்தைத் திறந்து பாக்கக் கூடாது மாப்பிள்ளை. நின்னப்புறம் பாக்கலாம்."

"அது நிக்கும்போது பாக்க யாரு மிச்சமிருப்பா?"

மகள் சிரித்துவிட்டாள். "விடுங்களேன். அப்பாவுக்குக் கதவு மேலதான் சந்தேகம். மத்த எல்லாத்து மேலயும் நம்பிக்கை."

நானும் சிரித்திருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் ஒத்திகை. விதி இதுதான்: சைரன் தொடங்கியதிலிருந்து நான்கு நிமிடம் கதவு திறந்திருக்கும், பிறகு மூட வேண்டும். மூடினேன். அரை நிமிடம் கழித்து, வெளிப்பிடியைத் திருகித் தாழ்களை விலக்கி, கதவைத் திறந்துகொண்டு மாப்பிள்ளை வந்தார். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

"நாலு நிமிஷம் ஆயிடுச்சு மாப்பிள்ளை."

"கடிகாரத்துக்குத் தெரியாது மாமா. உங்களுக்குமா தெரியாது?"

உள்ளே இருந்தவர்கள் கைதட்டினார்கள். தையல்காரம்மா, "சண்டையை மேல போய்ப் போடுங்கப்பா, இங்க காத்தே கம்மி," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும்.

மறுநாள் கதவின் வெளிப்பிடியைக் கழற்றினேன். பழுதுபார்க்க என்று சொன்னேன். பழுது ஒன்றும் இல்லை. அது என் கருவிப் பெட்டியில், துணி சுற்றி, அடித்தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மேஜையில் இருக்கும் சுற்றறிக்கை அந்த மாதம்தான் வந்தது. ஏழாவது பத்தி: சந்தேகத்துக்குரிய நபர்கள் தென்பட்டால், பொறுப்பாளர் தம் விவேகப்படி நேரத்துக்கு முன்பே கதவை மூடலாம். நான் அதைப் பலமுறை படித்தேன். முப்பத்தோரு வருடத்தில் என் விவேகத்தை யாரும் கேட்டதில்லை.

அன்று மாலை நாலேகாலுக்குச் சைரன் ஊதியது. எதிரே பள்ளிக்கூட முற்றத்தில் மாப்பிள்ளை மேஜை போட்டு, போரை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் மூன்று தடவை வெறும் ஒத்திகைக்காக ஊதியதால் அங்கே யாரும் உடனே அசையவில்லை. தெருவிலிருந்து இருபத்திரண்டு பேர் இறங்கி உள்ளே போனார்கள். இடம் அறுபது பேருக்கு. மகள் வந்தாள், பையை உள்ளே பெஞ்சில் வைத்தாள்.

"அவர் வரலையாப்பா?"

"கையெழுத்து வாங்கிட்டிருப்பார்."

"ரெண்டே நிமிஷம், கூட்டிட்டு வந்துடுறேன். கதவைப் பாத்துக்குங்கப்பா."

"பாத்துக்கறேன்மா," என்றேன்.

மேல் படியில் நின்று பார்த்தேன். முற்றத்திலிருந்து பதினோரு பேர் தெருவைக் கடந்து வந்தார்கள், அவளையும் மாப்பிள்ளையையும் சேர்த்து. மாப்பிள்ளை காகிதக் கட்டை மார்போடு அணைத்திருந்தார். அதை உள்ளே கொண்டுவருவார், பெஞ்சில் வைத்துப் பேசுவார், எல்லாரும் கைதட்டுவார்கள். இறங்கினேன். வழக்கம்போலக் கீழ் மூலையில் காகிதக் கீற்றை வைத்துக் கதவை மூடினேன். கைக்கடிகாரத்தில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

குண்டு நான்கு நிமிடம் பத்து விநாடிக்குத்தான் விழுந்தது. விதிப்படி மூடியிருந்தால் பதினோரு பேரும் உள்ளே இருந்திருப்பார்கள். நீங்கள் போட்ட கணக்கு சரி, அதில் எனக்கு மறுப்பில்லை.

விமானம் வராது என்று படை சொல்லியிருந்தது, நான் நம்பினேன், அவர்கள் நான்கு நிமிடம் வெளியே நின்றால் ஒழுங்கு கற்றுக்கொள்வார்கள் என்று மட்டுமே நினைத்தேன். இப்படித்தான் நேற்று எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். விமானம் வராது என்று நம்பியவர் எதற்காக ஐந்து மாதம் அந்த மூலையோடு மல்லுக்கட்டினீர்கள் என்று. இரவு முழுக்க யோசித்தேன். வேலை வேலைதானே, ஐயா.

வெளியே முதலில் தட்டினார்கள். பிடியைத் தேடுகிற கைகளின் சத்தம் கேட்டது. பிறகு மாப்பிள்ளை, "மாமா, இன்னும் நேரம் இருக்கு," என்றார். சத்தம் போடவில்லை, வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவள், "அப்பா, நான்தான்ப்பா," என்றாள். நான் கதவுக்காரர் என்பதால் உள்ளே இருந்த எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தையல்காரம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே, அது உங்க பொண்ணுண்ணே."

தெரியும். தாழ்களுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். வானத்தில் இரைச்சல் கேட்டதும் பின்னால் நின்றவர்கள் படியில் நெருக்கினார்கள். எட்டுப் படியின் எடையும் சரிந்து கதவில் இறங்கியது. அதன்பின் திறக்க நினைத்தாலும் திறந்திருக்க முடியாது என்று சொல்லும்படி வக்கீல் சொல்கிறார். அது உண்மையில்லை. ஒரு படி மேலே ஏறச் சொல்லிக் குரல் கொடுத்திருந்தால் ஏறியிருப்பார்கள். என் மகள் சொன்ன பேச்சைக் கேட்பவள். முழுசாக ஒரு நிமிடம் இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் நான் குனிந்து, கீழ் மூலையில் தொங்கிய காகிதத்தை இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். கிழிந்தது.

நாற்பது நிமிடம் கழித்து, வெளியே ஆட்கள் வந்து படியை ஒழித்த பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. புகைகூட வரவில்லை. வெளியே ஒருவரும் மிஞ்சவில்லை. அவளுடைய பை பெஞ்சிலேயே இருந்தது.

என் இடத்துக்கு இனி யார் வந்தாலும் அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். ரப்பரில் குறையில்லை, கீலிலும் குறையில்லை. தாழ்கள் மேலேயும் நடுவிலும்தான் இருக்கின்றன, உள்ளேயிருந்து எவ்வளவு இழுத்தாலும் அந்த மூலை பொருந்தாது. வெளியிலிருந்து, கதவின் கீழ்ப்பாதியில் எடை விழ வேண்டும். பதினோரு பேர் போதும்.