டிவி ஓடுது, ஆள் இல்ல

...ரசனை போச்சு தம்பி, ரசனை! இல்லன்னா இத்தனை வருஷமா ஓடற பாட்டுப் போட்டிய, பாக்க ஆளில்லன்னு இழுத்து மூடப் போறோம்பாங்களா? நீங்க உங்க பெட்டியக் கழட்டிப் பாருங்க, வேணாங்கல. காத மட்டும் இந்தப் பக்கம் வைங்க. டிவில யாரு எதப் பாக்கறாங்கன்னு கணக்கெடுக்கற ஆளு நீங்க, உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது? நம்ம மாப்ள அந்தப் போட்டிலதான் லைட்டு போடறாரு. ஆங்... பொண்ண அவருக்குத்தான் குடுத்திருக்கோம். டிவிக்காரங்க சொந்தம் இருக்கற வீட்டுல பெட்டி வைக்கக் கூடாதுன்னு தெரியும், ஆனா இது பெட்டி வந்தப்புறம் நடந்த கல்யாணம், அதனால நான் எதையும் மறைக்கல, நீங்களும் எழுதிக்காதீங்க. நேத்து பொண்ணு போன்ல ஓன்னு அழறா. பாக்கற ஆளுங்க குறைஞ்சுட்டே வராங்களாம், இந்த வருஷத்தோட அவ்ளோதானாம். ரெண்டாவது வேற வயித்துல இருக்கு.

எப்படித் தேறும், சொல்லுங்க? முன்னாடியெல்லாம் வந்தான், பாடினான், போனான். இப்ப பாடறதுக்கு முன்னாடி அவன் வீட்டுக் கூரை ஒழுகறதக் காட்டறான். பாடி முடிச்சா நடுவர் அழறாங்க. நடுவர் அழறதப் பாத்து அவங்கம்மா அழறாங்க. அந்தம்மா அழறத மூணு பக்கத்துலேர்ந்து காட்டறான்! பாட்டு எங்கடான்னா, நடுவுல சோப்பு விளம்பரம். நேத்து ஒருத்தன்... சுருதி ஒரு பக்கம் போகுது, இவன் ஒரு பக்கம் போறான். அதுக்கு எழுந்து நின்னு கை தட்டறாங்க தம்பி! எனக்கு வந்துதே ஆத்திரம்... டீ ஆறுது, குடிங்க.

பின்ன? பாக்காம பேசுவேனா? ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு நாள் விட்டதில்ல.

என்னது? டிவி ஓடுது, ஆள் இல்லன்னு வருதா? எங்க வீட்டுலயா? அப்ப பெட்டி கெட்டுப்போச்சு. ...நல்லாத்தான் இருக்கா? அப்புறம் என்ன?

பட்டனா? பெட்டியோட நீங்க குடுத்த ரிமோட்டுல இருக்கற பட்டனா? அத அமுக்கறது நான்தான், வேற யாரையும் தொடவே விடறதில்ல. வீட்டுல ஆளுக்கொரு பட்டன், யாரு பாக்கறாங்களோ அவங்க பட்டன மட்டும்தான் அமுக்கணும்னு உங்க ஆபீஸ்காரர் படிச்சுப் படிச்சு சொன்னாரே. நான் யாரு? பஸ்ல டிக்கெட் செக்கரா இருந்து ரிட்டையர் ஆனவன். சீட்டுல உக்காந்தவனெல்லாம் பயணின்னு ஒத்துக்குவேனா? என் பொண்டாட்டி மொதப் பாட்டுலயே வாயப் பொளந்துட்டுத் தூங்கிடுவா. தூங்கறவ எப்படி பாக்கறவ ஆவா? சேக்கல. பையன் சோபாலதான் கெடப்பான், கண்ணு போன்ல. அவனையும் சேக்கல.

நானா? நான் எதுக்கு அமுக்கணும்? நான் என்ன ரசிக்கவா உக்காந்திருக்கேன்? தப்பு கண்டுபிடிக்க உக்காந்திருக்கேன். செக்கர் பஸ்ல ஏறினா டிக்கெட் வாங்குவானா?

...ஏன் தம்பி தலைல கை வைக்கறீங்க?

எங்க ஒரு வீடு உங்க கணக்குல எத்தன வீட்டுக்குச் சமம்? ...அத்தனையா? இருங்க, இருங்க. அப்ப இவ ஒருத்தி இங்க தூங்கினா, அத்தன வீட்டுலயும் பொம்பளைங்க பாக்கலன்னு கணக்கா? நான் அமுக்கலன்னா, அத்தன வீட்டு ஆம்பளைங்களும்...

சரி... போனத இப்ப திருத்த முடியாதா? நீங்க மனசு வச்சா... முடியாதா. ம். நானும் பஸ்ல அப்படித்தான் சொல்லிருப்பேன்.

எங்க கிளம்பிட்டீங்க? பாதி டீ அப்படியே... ஐயோ, போன் அடிக்குது. மாப்ளதான். தம்பி, நீங்க கொஞ்சம் எடுத்துப் பேசறீங்களா? தம்பி... செருப்பக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடறாரு பாரு.

ஹலோ, சொல்லுங்க மாப்ள. ...முடிவே பண்ணிட்டாங்களா? ம். ...ம். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. பொண்ணையும் பேரனையும் கூட்டிட்டு இங்க வந்துடுங்க. வேற வேல கெடைக்கற வரைக்கும் எல்லாரும் இங்கயே இருங்க. ...சேச்சே, பாரமா? என்ன பேச்சு இது. ...அதெல்லாம் வேணாம் மாப்ள. எனக்கெதுக்கு நன்றி? இல்ல மாப்ள... சொல்லாதீங்க. சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல!