சிரிப்பு ஷாட்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, என் விசிறிக் காற்று எட்டும் இடத்தில் உட்காருங்கள். யாருக்கும் சொல்லாத ஒரு பேய்க்கதை வைத்திருக்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

எழுபத்தேழில், சென்னைக்கு டிவி வந்த புதிது. தி.நகர் ஜவுளிக்கடைக் குடும்பத்துத் தனபாலன், என் பேய்க்கதைகளை வாராவாரம் டிவியில் வருகிற தொடராக எடுக்க ஆசைப்பட்டார். முதலில் டிவிக்காரர்களுக்கு மாதிரிக்கு ஒரு படம் காட்ட வேண்டும். பிடித்தால் மற்றதையும் வாங்குவார்கள். பள்ளிக்கூடம் பார்க்காதவள் நான். என் கதை வீடு வீடாகப் போகும் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செத்துக் கிடக்கும் மருமகள் எழுந்து வருகிற கதை. மருமகளாக நடித்தவள் அந்தோணியம்மாள், சாந்தோம் குப்பத்துப் பெண். எடுத்ததை ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினோம். டிவி அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சார், பொணம் மூச்சு விடறதே!"

இன்னொரு தடவை எடுத்து வந்தால் பார்ப்பதாகச் சொன்னார்.

படம் எடுக்கப் பிடித்திருந்த மந்தைவெளி வீட்டில், வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் கம்பளி கட்டி, மறுபடி எடுத்தோம். அந்தோணியம்மாளால் சும்மா கிடக்க முடியவில்லை.

"யக்கா, பொணத்துக்கு இன்னாத்துக்கு இம்மாம் பூவு? மூக்குல குத்துது."

"வாயை மூடுடி. செத்தவ பேசுவாளா?" என்றேன்.

"நா செத்தாலும் பேசிக்கினுதான் இருப்பேன், பாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம் அவளுக்கு மோர் கலந்து கொடுத்தேன். என் தூக்க மாத்திரைகளைப் பொடித்து அதில் போட்டிருந்தேன். குறைவாகப் போட்டால் பாதியில் விழித்துக்கொள்வாளே என்று, சீசாவில் இருந்ததெல்லாம் போட்டேன்.

அந்தத் தடவை வயிறு அசையவில்லை.

படக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் கடைசியில் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதையும் எடுத்தால்தான் தோஷம் கழியும். கேமரா ஓடியது. "சிரிம்மா" என்றார் தனபாலன். அவள் கிடந்தாள். நான் போய்க் குனிந்தேன். என் முதுகு கேமராவை மறைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு நூலாக வந்துகொண்டிருந்தது. டாக்டரைக் கூப்பிட்டால் போலீஸ் வரும், படம் வெளியே வராது.

"சிரிச்சுட்டா, நான் பாத்தேன். பாவம், அசந்து தூங்கறா. எழுப்பாதீங்க, நான் கூட இருக்கேன்" என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். நான் அவளுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன், விசிற வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்வரை. பலவீனமான இருதயம் என்று ஊர் பேசிக்கொண்டது. நான் மறுக்கவில்லை.

அதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. தொடர் வேண்டாம், குழந்தைகள் பயந்துவிடும் என்றார். இதை மட்டும் தனிப்படமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். டிவிப் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டுக் கூடத்தில் அந்தோணியம்மாளின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"தூங்கறாப்பலயே கீதும்மா எம் பொண்ணு" என்று அவள் என் தோளில் சாய்ந்தாள்.

"சிரிச்சுட்டுத்தான் போனா" என்றேன்.

அந்தப் பெண் சிரித்திருப்பாள். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படிச் சொல்லியிருக்கப் போகிறேன்?

மோர் கலந்து வைத்திருக்கிறேன், குடித்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டில் தூங்குகிறவர்கள் எல்லோரும் விடிந்ததும் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கட்டும்.