ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சலுகை

— அந்தப் பெட்டி மேல உக்காராதக்கா! கையெழுத்துப் போட்ட புத்தகமெல்லாம் அதுலதான் இருக்கு.

— அப்ப நான் எங்கடா உக்கார? நாற்காலியில புத்தகம், கட்டில்ல புத்தகம், அடுப்பு மேடையில கூட ரெண்டு கட்டு. சமைக்கிறியா, இல்ல இதையேதான் திங்கிறியா?

— ஜன்னலோரமா அந்தக் கட்டத் தள்ளிட்டு உக்காரு. ஒரு நிமிஷம், இந்த டேப்ப ஒட்டிக்கிறேன். பேசினா கோணலா ஒட்டிடும்.

— காலையிலேருந்து கூப்பிடுறேன். ஏன் எடுக்கல?

— போன்ல என் புத்தகத்த விக்கிற லைவ் ஓடிட்டிருந்துச்சுக்கா. நடுவுல போன் வந்தா எல்லாம் அறுந்துடும், அதான் கட் பண்ணிட்டே இருந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை அன்னையர் தினம், தெரியும்ல? அது வரைக்கும்தான் சலுகை, அது வரைக்கும்தான் ஆர்டர். அப்புறம் அடுத்த வருஷம்தான் எவனுக்காவது அம்மா ஞாபகம் வரும்.

— சரி, போகட்டும். சட்டைய மாத்திக்கிட்டு கிளம்பு. வீட்டுக்குப் போகணும்.

— நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அந்த போஸ்டர் விஷயம்தான?

— நான் அதுக்கு வரல.

— வேற எதுக்கு ரெண்டு பஸ் மாறி வருவ? சண்டைன்னா இப்பவே போட்டு முடிச்சுடு. கை வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு.

— அப்படியா? சரி, சண்டையே போடுவோம். போன மாசம் என் வீட்டு வராந்தாவுல உக்காந்து வெயில் காஞ்சிட்டிருந்தவளுக்கு, மெழுகுவத்தி ஏத்தி வச்சது யாருடா?

— போஸ்டர் போட்டுத் தர்ற ஆள் பண்ணின வேலைக்கா அது. அம்மா படத்த அனுப்பினேன். 'கருப்பு வெள்ளையில போட்டா கம்பீரமா இருக்கும் சார்'னான். சரின்னேன். பக்கத்துல ஒரு மெழுகுவத்தியையும் நட்டுட்டான். சத்தியமா நான் கவனிக்கல. போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில எழுந்து பாக்குறேன், நூத்துக்கணக்குல 'ஆழ்ந்த இரங்கல்'.

— எழுந்ததும் பாத்தல்ல? எடுத்திருக்கலாம்ல?

— எடுக்கத்தான் போனேன். விரல் அதுமேலதான் இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு ஆர்டர் வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அக்கா, எனக்கு முகமே தெரியாத ஒருத்தன் என் புத்தகத்தக் காசு குடுத்து வாங்குறான், முதல் தடவையா. நீயா இருந்தா எடுத்திருப்பியா?

— எடுத்திருப்பேன்.

— எடுப்ப. உனக்கு எழுத வராதுல்ல, அதனால எடுப்ப.

— ஆமா ஆமா, எனக்கு என்ன வரும்? போன் எடுக்க வரும். பெரியம்மா முதல்ல கூப்பிட்டாங்க. 'தம்பி போட்டிருந்தான், பாத்தேன். ஒரு வார்த்த சொல்லலையேடி'ன்னு ஒரே அழுக. எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்சப்ப, என் தம்பி பொய்யன்னு எந்த வாயால சொல்றது? 'திடீர்னு ஆயிடுச்சு பெரியம்மா, அமைதியா முடிச்சுட்டோம்'னு சொல்லிட்டேன். பெரியம்மாவுக்கு ஒண்ணு சொன்னப்புறம் சித்தப்பாவுக்கு வேற சொல்ல முடியுமா? எல்லாருக்கும் அதையே சொன்னேன். உன் மானத்தக் காப்பாத்த என் வாயாலயே அவள அனுப்பி வச்சேன்டா.

— நான் சொல்லச் சொல்லலையே.

— நீ சொல்லச் சொல்லல. நீ ஒவ்வொரு இரங்கலுக்கும் கீழ கைகூப்புற பொம்மை போட்ட. அவ்வளவுதான்.

— அது மரியாதைக்குப் போட்டது. புரிஞ்சுக்கோக்கா. பதில் போட்டாத்தான் அது இன்னும் நாலு பேர் கண்ணுல படும்.

— அம்மா கூட வேலை பாத்த டீச்சர் ஒருத்தங்க இருக்காங்கல்ல, உயரமா? அவங்க என் வீட்டு போனுக்குக் கூப்பிட்டாங்க. நான் குளிச்சிட்டிருந்தேன். அம்மா எடுத்துட்டா. நான்தான்னு நினைச்சு 'அம்மா போயிட்டாங்களாமே'ன்னு அவங்க அழ, இவளும் கூடச் சேர்ந்து அழுதுட்டு, 'பாவம், ரொம்ப நல்ல மனுஷி'ன்னு சொல்லி வச்சுட்டா. நான் வந்து பாத்தா கண்ணத் தொடச்சிட்டு உக்காந்திருக்கா. 'யாரும்மா?'ன்னா, 'தெரியல, யாரோ செத்துட்டாங்களாம்'ங்கிறா.

— ஐயோ.

— சிரிக்காதடா.

— சிரிக்கலக்கா. நிஜமா சிரிக்கல.

— அன்னியிலேருந்து அவள வராந்தாவுல உக்கார வைக்க முடியல. சொந்தக்காரங்க துக்கம் கேக்க வரத் தொடங்கிட்டாங்களே! உள்ரூம்ல வச்சுக் கதவச் சாத்தினேன். பெரியம்மா ஹால்ல உக்காந்து மூக்கச் சிந்துறாங்க, உள்ளேருந்து 'யாரு வந்திருக்கா?'ன்னு அம்மா குரல் குடுக்குறா. டிவின்னு சொன்னேன். வெயில் காயணும், வெயில் காயணும்னு கதவத் தட்டிக்கிட்டே இருந்தா. ஒரு மாசமா.

— இதெல்லாம் நீ என்கிட்ட சொல்லவே இல்லையே.

— எப்ப சொல்ல? நீ எப்பவும் லைவ்ல இருக்க. மழை பேஞ்சா மழைக்கால ஆஃபர், வெயில் அடிச்சா கோடை விடுமுறை ஆஃபர், வருஷம் பொறந்தா 'இந்த வருஷமாவது வாசிப்போம்'. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துப் பாத்து வித்த. ஒண்ணும் போணியாகல. கடைசில பெத்தவள எடுத்துக் கடையில வச்சுட்ட. எரியிற வீட்டுல புடுங்கின வரைக்கும் லாபம்.

— நீ பேசுவ! எட்டு பதிப்பகம் திருப்பி அனுப்பிச்சது. எட்டாவது ஆள் படிக்கவே இல்ல, நான் கட்டின கயிறு கட்டினபடியே இருந்துச்சு. சரி, நம்மளே போட்டுக்கலாம்னு போட்டேன். வெளியீட்டு விழாவுக்கு யார் வந்தா? நீ, மாமா, மைக் செட்டுக்காரர். நாலு வருஷம் எழுதினேன்க்கா. ஒருத்தன் படிக்கல. அம்மாவும் படிக்கல. குடுத்தேன், தலைகீழா புடிச்சுப் பாத்துட்டு, 'காகிதம் நல்லா வழவழன்னு இருக்கு'ன்னா. இன்னிக்கு யார் யாரோ படிச்சுட்டு அழுறாங்க. அதுல என்ன தப்பு?

— நானும் படிச்சேன்.

— நீயா? எப்ப?

— அவ தூங்குற நேரமெல்லாம். நல்லாத்தான் எழுதியிருக்க. அதுதான் வயித்தெரிச்சல். 'ஈரக்கை'ன்னு பேரு வச்சிருக்க பாரு, எப்பப் பாத்தாலும் எதையாவது கழுவிட்டு ஈரக்கையோட நம்ம கன்னத்தத் தொடுவாளே, அத அப்படியே எழுதியிருக்க. எனக்கு மறந்தே போச்சு. அழுதுட்டேன்.

— அக்கா...

— இரு, முடிக்கல. மூணாவது அத்தியாயத்துல அவளக் குளிப்பாட்டுறது யாரு? நீ. நகம் வெட்டி விடுறது நீ. ராத்திரி படுக்கைய நனைச்சா மாத்திப் போடுறது நீ. எத்தன தடவடா மாத்தியிருக்க?

— கதையச் சொல்றவன் நான். அப்ப நான்தானக்கா செய்ற மாதிரி எழுத முடியும்?

— அப்ப நான்?

— நீயும் வர்றியே.

— வர்றேன். 'பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம்.' அது நான்தான? தெரிஞ்சுக்கிட்டேன்.

— கதவத் தட்டுறாங்க. கூரியர்காரரா இருக்கும். ஒரு நிமிஷம். வாங்க, வாங்க! அந்தக் கட்டு போகணும், மேல இருக்கிறது மட்டும் வெளியூரு.

— போறது இருக்கட்டும் சார். திரும்பி வந்தது ரெண்டு இருக்கு. ஒண்ணு வீடு பூட்டியிருந்துச்சு, ஒண்ணு வேணாம்னுட்டாங்க. இங்க கையெழுத்துப் போடுங்க. இவங்க...?

— என் அக்கா.

— அப்படியா! அம்மா விஷயம் பாத்தேன்மா. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. எங்கம்மாவும் இப்படித்தான், கடைசில என்னையே யாருன்னு கேட்டுச்சு. மனசத் தேத்திக்குங்க.

— ரொம்ப நன்றிப்பா. இன்னிக்கு நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே.

— வர்றேன் சார். அட்டை மடங்காம பாத்துக்கிறேன்.

— ஏன்க்கா அவர்கிட்ட அப்படிக் குத்தலா பேசுற? பாவம், நல்ல மனுஷன்.

— நான் குத்தலா பேசல. சரி, போகட்டும். கிளம்புறியா?

— திங்கட்கிழமை வர்றேன். சத்தியமா. ரெண்டு நாள் தங்குறேன். வராந்தாவுல நானே பக்கத்துல உக்காந்து வெயில் காய வைக்கிறேன், போதுமா?

— திங்கட்கிழமை வேலைக்கு ஆகாது. இப்ப வா.

— இப்ப இதையெல்லாம் அப்படியே போட்டுட்டு வந்தா எல்லாம் கெட்டுடும். ஆமா, அம்மாவத் தனியா விட்டுட்டா வந்த நீ?

— மாமா பக்கத்துல உக்காந்திருக்கார்.

— அப்புறம் என்ன? அவர் பாத்துப்பார். நான் வந்து மட்டும் என்ன ஆகப்போகுது சொல்லு? போன தடவ வந்தப்ப, 'இந்தத் தம்பி எந்த வீட்டுப் புள்ள?'ன்னு உன்கிட்ட கேட்டா. என்னப் பக்கத்துல வச்சுக்கிட்டே! அன்னிக்கே எனக்கு அவ இல்லாமப் போயிட்டாக்கா. அதனாலதான் அந்த மெழுகுவத்தியக் கூட நான் பெருசா எடுத்துக்கல. எனக்குப் பொய்யாத் தோணல.

— நேத்து ராத்திரி உன்னக் கேட்டாடா.

— என்னையா?

— பேரு சொல்லல. ஒரு வாய் சோறு ஊட்டினேன், வாய மூடிக்கிட்டா. 'அந்த எழுதுற பையன் சாப்பிட்டானா?'ன்னா. சாப்பிட்டான்மான்னேன். 'பொய் சொல்லாத, அவன் விளக்கப் போட்டுட்டு உக்காந்திருப்பான், அவனுக்கு எடுத்து வை'ன்னா. எடுத்து வச்சு, தட்ட மூடிக் காட்டினப்புறம்தான் படுத்தா.

— எனக்கா எடுத்து வைக்கச் சொன்னா?

— என்னடா, அழுறியா?

— ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்க்கா. 'அந்த எழுதுற பையன் சாப்பிட்டானா.' இப்படியேதான் சொன்னாளா? வார்த்தை மாறாம?

— போன எதுக்குடா எடுக்குற?

— மறந்துடும். டைப் பண்ணி வச்சுக்கிறேன். அக்கா, இது மட்டும் ஞாயித்துக்கிழமை காலையில போச்சுன்னா, நாடே அழும். நாலு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு வரி வரலையே! அவ கடைசியா பேசின வார்த்தை இதுதான்னு போடலாமா? போடலாம்ல?

— போடு.

— என்ன, நிஜமாவா? கோவமா?

— போடுடா. அதுல பொய் இல்ல.

— நீ என் அக்கா! அப்படியே இன்னொரு உதவி. அம்மா கைய மட்டும் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பு. முகமெல்லாம் வேணாம், பாத்தா கண்டுபுடிச்சுடுவாங்க. விரல லேசா தண்ணியில நனைச்சுட்டு, ஜன்னல் வெளிச்சத்துல. பழைய வீடியோன்னு சொல்லிக்கலாம். விரல் கொஞ்சம் அசைஞ்சாப் போதும்.

— அசையாது.

— தூங்கும்போது எடுக்காத. முழிச்சிருக்கும்போது எடு.

— வந்ததுலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்டா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'அம்மா எப்படி இருக்கா'ன்னு நீ கேப்பேன்னு. கேட்டிருந்தா வாசல்லயே சொல்லியிருப்பேன்.

— ஏன், என்னாச்சு? அக்கா, என் மூஞ்சியப் பாத்து சொல்லு. என்னாச்சு?

— காலையில பெரியம்மாவுக்கு போன் பண்ணி, 'அம்மா போயிட்டா, வாங்க'ன்னு அழுதேன். 'அதான் போன மாசமே வந்து அழுதுட்டுப் போனோமேம்மா, உனக்கு இன்னும் மனசு ஆறலையா'ன்னு தேத்திட்டு வச்சுட்டாங்க. சித்தப்பாவும் அதேதான், ஒருத்தரும் நம்பல... அங்க மாமா ஒத்த ஆளா உக்காந்திருக்கார், தூக்கறதுக்குக் கை பத்தலடா, அந்த டேப்பக் கீழ போட்டுட்டு வா.