சாம்பல் கப்பலும் ஹமீது நானாவின் மிதவையும்

துடுப்பைப் போடு. போடு. பின்னால் சாம்பல் நிறக் கப்பல். "டம்." பக்கத்தில் தண்ணீர் எழும்புகிறது. எச்சரிக்கை வெடியாம். சுடுகிறவனுக்குத்தான் அது எச்சரிக்கை. எங்களுக்கு அது வெடிதான்.

இரண்டு தோணிகள். முன்னால் என் கூடப்பிறந்த மூத்தவர், ஹமீது நானா, தனியாக. பின்னால் நான். ஜப்பான்காரன் சரணடைந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது.

அந்தக் கப்பலை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைக்காரனுடையது. யுத்தத்தில் எங்கள் கற்பிட்டிக் கரைக்கு வெளியே காவல் சுற்றியது. யுத்தம் முடிந்ததும் எங்களைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து புடவை வருகிறதா, பீடி இலை வருகிறதா என்று தோணி தோணியாகக் கிளறும். அன்று எங்களிடம் மீனைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் ஓடினோம். அதைக் கண்டால் ஓடுவது பழக்கமாகிவிட்டது.

நானா கரைக்கு ஓடவில்லை. வலையை நோக்கி ஓடுகிறார். அதற்கு முதல்நாள் ஒரு இரும்பு உருண்டை மிதந்து வந்தது. பாசி பிடித்தது. மேலெல்லாம் கொம்பு. எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் ஒரு வழக்கம். கடல் கொண்டுவருவதை யார் முதலில் துடுப்பால் தொடுகிறாரோ, அது அவருடையது. நானா தொட்டார். வலைக்கு மிதவையாகக் கட்டினார். மனிசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

கப்பல் கிட்ட வருகிறது. ஒலிபெருக்கி அலறுகிறது. முதலில் இங்கிலீசு. பிறகு சிங்களம். பிறகு ஒரு தமிழ்க் குரல்.

"தொடாதீங்க! அது குண்டு! தள்ளிப் போங்க!"

தெளிவாகக் கேட்டது. என் கை நின்றுவிட்டது.

"நானா! வந்துருங்க! குண்டாம்!"

"பொய்டா! மிதவையப் பறிக்கத்தான் இந்தக் கதை! இது என்ட சாமான்!"

மிதவைக்குப் பக்கத்தில் போய் எழுந்து நிற்கிறார். கப்பல்காரனும் பார்க்கட்டும் என்று துடுப்பை ஓங்குகிறார். கொம்பில் அடிக்கிறார்.

சத்தம் நினைவில்லை. வெளிச்சம்தான் நினைவிருக்கிறது.

அந்தக் கப்பல்தான் என்னைத் தூக்கியது. அதன் தளத்தில் கிடந்து வாந்தி எடுத்தேன். குரல் கொடுத்த மாலுமி பக்கத்தில் குந்தியிருந்தான். யுத்தத்தில் கடலுக்குள் கட்டிப் போட்ட குண்டு, சங்கிலி அறுந்து மிதந்து போனதாம். அதைத் தேடித்தான் வந்தார்களாம். "உங்களப் பிடிக்க வரல்ல" என்று அழுதான். அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அன்றுதான் அது எங்களைக் காப்பாற்ற வந்தது. அதை நம்ப, அதற்கு முன் அந்தக் கப்பல் எங்களுக்கு ஒரு காரணமும் தந்திருக்கவில்லை.

பிறகு சுதந்திரம். கப்பலின் கொடி மாறியது. பக்கத்து ஆலங்குடாவுக்கு நேரே அது போவதைப் பல வருடம் பார்த்தேன். கடைசியில் இரும்புக்கு உடைத்தார்கள். யுத்தத்தில் ஆள் சேதமில்லாத கப்பல் என்று பேசிக்கொண்டார்கள். நானா யுத்தம் முடிந்தபின் மவுத்தானவர். அவர்கள் கணக்கில் வரமாட்டார்.

என் கணக்கு இது. ஒரு தோணி. ஒரு வலை. என் வலது காது. ஹமீது நானா. அடக்க ஜனாஸா கிடைக்கவில்லை. கரையொதுங்கியது அவருடைய பாதித் துடுப்பு. யாரும் கிட்டப் போகவில்லை. நான் போய் முதலில் தொட்டேன்.